ரைட்டக்காவின் இரண்டு தட்டு

அந்த டிப்போவில் போய் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவார். ரைட்டக்கா என்று கேட்டுப் பாருங்கள், எந்த வண்டி, எந்தத் தடம், இந்நேரம் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்பது வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். கண்டக்டராகச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாயில் ஓயாமல் புழங்கிய சொல் அந்த ஒன்றுதான். மற்ற பிள்ளைகளுக்கு முதலில் அம்மா என்று வாய் வரும், என் மகளுக்கு ரைட் என்றுதான் வந்தது என்று அவள் புருஷன் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். அவன் பெயிண்டர். சுவருக்கு அடிப்பதுபோலப் பேச்சுக்கும் இன்னொரு கோட்டிங் சேர்த்தே அடிப்பான். ஆனாலும் இது முழுப் பொய் இல்லை.

அந்த டிப்போ வண்டிகளில் மணி உண்டு. ஆனால் மணி பயணிகளுடையது. இறங்க வேண்டியவர் அழுத்துவார், டிரைவர் நிறுத்துவார். நின்ற வண்டியைக் கிளப்புவது கண்டக்டரின் குரல். பின்படியைப் பார்த்து, முன்படியைப் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சக்கரத்தோரம் பார்த்து, எல்லாம் சுத்தம் என்றால்தான் அவள் ரைட் என்பாள். அதுவரை யார் தலைகீழாக நின்றாலும் வண்டி நகராது. அவள் வண்டியின் படியிலிருந்து இதுவரை ஒருவரும் விழுந்ததில்லை. அவளுக்கென்று ஒரு கர்வம் உண்டு என்றால் அது இதுதான்.

சொல் என்னவோ ஒன்றுதான், அதை வைத்துக்கொண்டு ஒரு குடித்தனமே நடத்தினாள். இழுத்துச் சொன்னால் வண்டி கிளம்பும். வெடுக்கென்று சொன்னால் பேச்சு முடிந்தது, இனி வாயைத் திறக்காதே என்று அர்த்தம். இன்றைக்குப் பார்த்து பாஸை வீட்டில் வைத்துவிட்டேன் என்று தினமும் சொல்கிற கல்லூரிப் பையனிடம் "ரைட்டூ" என்று கடைசியில் ஒரு வளைவு வளைப்பாள். நீ விடுகிற கதையில் ஒரு எழுத்தைக்கூட நம்பவில்லை என்று பொருள். நாளைக்குக் கண்டிப்பாக வந்துவிடுவேன் என்று சொல்கிற குழாய் ரிப்பேர்க்காரருக்கும் அதே வளைவுதான். மகள் அழுதுகொண்டு வந்தால் முதுகில் தட்டி, ரைட் ரைட் என்பாள். மாமியார் இறந்த அன்று நெஞ்சு வலிக்க அழுது தீர்த்துவிட்டு, எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு தடவை ரைட் என்றாள். சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம் என்று வீட்டுக்கே அது கேட்டது.

கல்யாணம் நடந்த கதையைச் சொல்லாமல் விட்டால் பெயிண்டர் கோபித்துக்கொள்வான். தினமும் அவள் வண்டியில் போய் வந்தவன், ஒருநாள் சாயங்காலம் பெயிண்ட் வாளியோடு இறங்கும்போது, படியில் ஒரு கால், தரையில் ஒரு காலாக, என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்டுவிட்டான். அவள் அவனைப் பார்த்தாள், சக்கரத்தோரம் பார்த்தாள், "ரைட்" என்றாள். வண்டி போய்விட்டது. அந்த ரைட் தனக்கா, டிரைவருக்கா என்று தெரியாமல் அவன் சோறு தண்ணி இறங்காமல் ஒரு வாரம் அலைந்தான். கடைசியில் அவளே, என்ன, ஆளையே காணோம் என்று கேட்ட பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது.

மகள் ஒருநாள் பள்ளிக்கூடத்து அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்தச் சொல்லுக்குப் போட்டிருந்த அர்த்தங்களைப் படித்துக் காட்டினாள். வலது, சரி, நியாயம், உரிமை, செங்கோணம், நேராக, உடனே என்று அது போய்க்கொண்டே இருந்தது. ரைட்டக்கா கடைசிவரை கவனமாகக் கேட்டாள்.

"கிளம்புன்னு போடலையா?"

"இல்லம்மா."

"அப்ப அதை எழுதினவரு பஸ்ல போனதே இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் குரல் கம்ம ஆரம்பித்தது. சளி என்றாள், தூசி என்றாள், வெந்நீர் குடித்தாள். ஒருநாள் வாயைத் திறந்து ரைட் என்றால் வெறும் காற்றுதான் வந்தது. மருத்துவர் கருவியை உள்ளே விட்டுப் பார்த்து, குரல்வளையில் கட்டி, ஆபத்து இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும் என்றார். எடுத்தார்கள். ஆறுகிற வரை ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, ஆறின பிறகு மெல்லப் பேசலாம், ஆனால் ஆயுசுக்கும் கத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். விசில் ஊதலாமா என்று அவள் சைகையில் கேட்டதற்கு, மூச்சை முக்கினால் அழுத்தம் அதே இடத்தில்தான் விழும், ஒரே ஒரு தடவை கத்தினாலும் இருக்கிற குரலும் போய்விடும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டில் அந்த மௌன வாரங்களில் ஒன்றுமே சரியாக ஓடவில்லை. மகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள், போக மாட்டாள். பெயிண்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, எதையோ மறந்துவிட்டோமே என்று திரும்பி வருவான். எதை என்று அவனுக்கே தெரியாது. ரைட்டக்காவுக்குத்தான் புரிந்தது. இத்தனை வருஷமும் காலையில் இவர்களைக் கிளப்பிவிட்டது அவளுடைய குரல். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சத்தமாக அழவும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சத்தமில்லாமல் அழுதாள்.

மகள் அப்போதும் வாசலிலேயே நின்றிருந்தாள். பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ரைட்டக்கா கையிலிருந்த கரண்டியால் கதவுக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினாள். மகள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, படியிறங்கி விறுவிறுவென்று போய்விட்டாள். ரைட்டக்கா கரண்டியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள்.

மருத்துவர் பேசலாம் என்று அனுமதி கொடுத்ததும் டிப்போவுக்குப் போனாள். மேலாளர் பொல்லாதவர் இல்லை. புதிதாக வந்தவர், எதிலும் நேரம் தவறக் கூடாது என்பவர், வேறொரு டிப்போவில் படியிலிருந்து ஒருவர் விழுந்த வழக்கில் மாட்டிக்கொண்டு சாட்சிக் கூண்டு வரை ஏறி இறங்கியவர். அவளை உட்காரச் சொன்னார், உடம்பைப் பற்றி அக்கறையாக விசாரித்தார், பிறகு பயணிகள் தவறவிட்ட பொருள்களை வைக்கிற அறையில் வேலை போட்டிருப்பதாகச் சொன்னார். சத்தம் கொடுக்க முடியாத கண்டக்டரை நம்பி நான் எப்படி வண்டியை வெளியே விடுவது, யாராவது விழுந்தால் யார் பதில் சொல்வது என்றார். அந்தக் கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் அவளை அதிகம் சுட்டது.

அந்த அறையில் போய் உட்கார்ந்தாள். குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், யாரோ ஒரு புண்ணியவான் விட்டுப்போன பல்செட்டு. பல்லை மறந்து வைத்துவிட்டு ஒரு மனிதர் எப்படி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று யோசிப்பதைத் தவிர அங்கே வேலை இல்லை. வெளியே வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்கும். இவன் படியைப் பார்க்காமலே சொல்கிறான், அவன் பாதி வாயில் சொல்கிறான் என்று ஒவ்வொரு கண்டக்டரின் ரைட்டிலும் அவளுக்குக் குறை தெரிந்தது. சங்கச் செயலாளர் வந்து, உட்கார்ந்த இடத்தில் வேலை, சம்பளத்தில் கை வைக்க விட மாட்டேன், அது உங்கள் ரைட்டு, சண்டை போட்டாவது வாங்கித் தருகிறேன் என்று மேசையைக் குத்தினார். நல்ல மனசுக்காரர். அகராதியில் அந்த அர்த்தமும் இருந்தது என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அவளுக்கு வேண்டியது அகராதியில் இல்லாத அர்த்தம்.

மறுநாளிலிருந்து மேலாளர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் போய் நின்றாள். ஒற்றைக் காலில் நின்றாள் என்பார்களே, இவள் இரண்டு காலையும் நன்றாக ஊன்றியே நின்றாள். அவர் உள்ளே போகும்போதும் நிற்பாள், கையெழுத்துப் போட வெளியே வரும்போதும் நிற்பாள். போய் வேலையைப் பாருங்கள் என்பார். போவாள், மறுநாள் வந்து நிற்பாள். கடைசியில் அவரே தாங்க மாட்டாமல் என்னதான் வேண்டும் என்று கேட்டார்.

"எனக்கு ஒரே ஒரு நாள் குடுங்க சார். நீங்களே வண்டில ஏறி வந்து பாருங்க. படில ஒருத்தர் கால் தடுமாறினாலும் சரி, நானே போயி அந்த ரூம்ல உக்காந்துக்கறேன். அப்புறம் உங்க வாசப்பக்கமே வர மாட்டேன்." அவளுடைய குரல் காகிதத்தைத் தரையில் இழுப்பதுபோல இருந்தது. அவர் முன்னால் சாய்ந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

அவர் நாள்காட்டியைப் புரட்டினார். அடுத்த வாரம் ஒரு நடை, காலை நெரிசலில், தானும் கூட வருவதாகச் சொன்னார்.

ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாளே தவிர, அவள் கையில் இருந்ததோ ஒரு கரண்டிதான். டிப்போ மெக்கானிக்கிடம் போனாள். எப்போதும் கையில் மசகு இருப்பதால் அவர் பெயர் கிரீஸ். வண்டியின் மேலே பிடித்துக்கொண்டு நிற்கும் கம்பி பின்பக்கத்திலிருந்து ஒரே ஓட்டமாக ஓடி, டிரைவரின் தலைக்கு மேலே போய் முடிகிறது. அதில் தட்டினால் டிரைவருக்குக் கேட்கும். ஆனால் எதனால் தட்டுவது? விரலால் தட்டினால் எஞ்சின் சத்தம் விழுங்கிவிடும். வளையல், குடைக்காம்பு, சாப்பாட்டு டப்பா எல்லாம் நாள் முழுதும் அந்தக் கம்பியில் உரசிக்கொண்டே இருக்கும். கிரீஸ் பழைய சாமான்களைக் கிளறி ஒரு கனத்த பித்தளை நட்டை எடுத்து, உள்ளே அரத்தால் வழவழப்பாக ராவி, அவளுடைய நடுவிரலில் மோதிரமாக மாட்டிவிட்டார். தட்டிப் பார்த்தார்கள். வேறு எதனோடும் குழம்பாத கணீரென்ற சத்தம். நிறுத்தங்களின் பெயரைக் கூவுவதற்குப் பதிலாகப் பெயிண்டர் தகரப் பலகைகளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கொக்கியில் மாட்டிப் புரட்டிக்கொண்டே போகலாம். வழக்கம்போல ஒரு கோட்டிங் அதிகம்தான், வண்டிக்குள் அதன் வாசனை தாங்க முடியவில்லை.

எல்லாம் ஆயிற்று, டிரைவரின் கால் மட்டும் பாக்கி. அவனுக்கு ஆமை என்று பட்டப்பெயர். வண்டியைப் பறக்கவிடுகிறவனுக்கு அப்படிப் பெயர் வைப்பது டிப்போக்காரர்களின் குசும்பு. விடுமுறை நாளில் காலி வண்டியை டிப்போ முற்றத்தில் நிறுத்தி, ஏற்பாட்டைச் சொன்னாள். இரண்டு தட்டு விழுந்தால் கிளம்பு. வேறு எது கேட்டாலும், யார் சொன்னாலும் நகராதே. இதென்ன பெரிய வித்தையா என்று ஆமை சிரித்தான். அவள் கிரீஸைப் பின்படியில் நிறுத்தி, ரைட் என்று கத்தச் சொன்னாள். கிரீஸ் கத்தினார். வண்டி ஓரடி முன்னால் குதித்தது.

மறுபடியும் கத்தச் சொன்னாள். மறுபடியும் குதித்தது. ஆமைக்கு வேர்த்துவிட்டது. "என்ன அக்கா, என் காலு என் பேச்சையே கேக்க மாட்டேங்குது," என்றான்.

"அது இத்தனை வருஷமா என் பேச்சக் கேட்ட காலுடா தம்பி. இப்பவும் என் பேச்சத்தான் கேக்கணும். இன்னொரு தடவ."

காலை முழுக்க இதே கூத்து. கிரீஸ் ரைட் என்று இழுத்தார், வெடுக்கென்று வெட்டினார், பெண்குரலில் சொன்னார், முன்பக்கம் வந்து காதுக்குள்ளேயே சொன்னார். வண்டி குதிப்பது மெல்ல மெல்லக் குறைந்தது. வெயில் ஏறிய பிறகு கிரீஸ் தொண்டை கட்டி, எனக்கும் ஆபரேஷன் பண்ண வைத்துவிடாதே அம்மா என்று கும்பிட்டார். அவள் விடவில்லை. வாசல் காவலாளியைக் கூட்டிவந்து கத்த வைத்தாள். ஆமையின் கால் அசையவில்லை. அவள் தன் பாட்டுக்குப் பின்படியைப் பார்த்து, முன்படியைப் பார்த்து, சக்கரத்தோரம் பார்த்து, கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினாள். வண்டி பூவாக நகர்ந்தது. அதற்குப் பிறகுதான் எல்லோரையும் சாப்பிடப் போகச் சொன்னாள்.

அந்த நாளும் வந்தது. மேலாளர் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தார். நடை முடிந்ததும் தலைமை அலுவலகத்தில் அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது. முதல் நிறுத்தத்திலேயே வழக்கமாக வருகிறவர்கள் அக்காவைப் பார்த்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பாஸை மறந்துவைக்கிற கல்லூரிப் பையன் அவளைப் போலவே குரலை வளைத்து "ரைட்டூ" என்று கூவினான். அவளுக்குத் திக்கென்றது. வண்டி நகரவில்லை. அவள் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துத் தட்டினாள், கிளம்பியது. பையனுக்கு விஷயம் பிடிபட்டதும் வாயைப் பொத்திக்கொண்டான். அதற்குப் பிறகு பின்பக்கம் யாராவது ரைட் என்றால் அவனே அதட்டி அடக்கினான்.

மேலாளர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மருத்துவமனை நிறுத்தம், பள்ளிக்கூட நிறுத்தம், நூலாலை நிறுத்தம் என்று பலகைகள் புரண்டன. சந்தைக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டு பாதையை அடைத்தது. அது ஒதுங்குவதற்குள் நேரம் போய்விட்டது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

சந்தை நிறுத்தத்தில் வண்டி மூச்சு முட்ட நிறைந்துவிட்டது. முன்படியில் ஏற வேண்டியவர்கள் ஏறி முடித்து, அந்தப் பக்கம் காலியாக இருந்தது. பின்படியில் ஒரு பெரியவர் கைத்தடியும் காய்கறிப் பையுமாக இறங்கிக்கொண்டிருந்தார். தடியைத் தரையில் ஊன்றிவிட்டார், ஒரு கால் கீழே போயிருந்தது, இன்னொரு கால் படியில் இருந்தது. நடுவில் நின்ற கூட்டத்தில் அவரை முன்னாலிருந்து யாரும் பார்த்திருக்க முடியாது. கண்ணாடியிலும் தெரியாது, படியோரம் ஏறுவதற்கு முண்டிக்கொண்டு நின்றவர்கள் மறைத்திருந்தார்கள்.

மேலாளர் பொறுக்க மாட்டாமல் எழுந்து, டிரைவர் இருக்கையின் முதுகில் தட்டினார். "ரைட் ரைட். போலாம், எடுங்க."

டிப்போவுக்கே அதிகாரி. அவர் சொல்லி ஒரு வண்டி நகராமல் இருந்தது கிடையாது. பின்படியோரம் நின்ற ரைட்டக்காவுக்கு அது தெளிவாகக் கேட்டது. தொண்டைக்குள் ஒரு சத்தம் மேலே ஏறி வந்தது. கத்திவிடலாம், உள்ள குரல் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தும்விட்டாள். வண்டி நகரவில்லை.

"காது கேக்கலையா? எடுக்கச் சொன்னேன்ல?" என்றார் மேலாளர்.

ஆமை திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் சாலையில், காது தலைக்கு மேலே இருந்த கம்பியில். "கேட்டுச்சு சார்," என்றான். "அக்கா இன்னும் சொல்லல."

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்து, கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக எட்டிப் பின்பக்கம் பார்த்தார். பெரியவருக்கு இதொன்றும் தெரியாது. அவர் தன் பாட்டுக்கு இரண்டாவது காலை எடுத்துத் தரையில் வைத்தார், பையை மாற்றிப் பிடித்தார், தடியை ஒரு முறை ஊன்றிப் பார்த்தார், நாலு எட்டு நடந்து நடைபாதையில் ஏறினார். படியோரம் நின்றவர்கள் உள்ளே ஏறிக்கொண்டார்கள். ரைட்டக்கா பின்படியைப் பார்த்தாள். முன்படியைப் பார்த்தாள். வெளியே தலையை நீட்டிச் சக்கரத்தோரம் பார்த்தாள். பிறகு கம்பியில் இரண்டு தட்டு.

வண்டி கிளம்பியது. மேலாளர் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு கடைசி நிறுத்தம் வரை அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். ஆமை எதிரே இருந்த கடையில் டீ சொல்லிவிட்டுச் சாலையோரம் நின்றான். மேலாளர் காலி வண்டியில் பின்பக்கம் வரை நடந்து வந்து, பின்படியில் நின்று கீழே குனிந்து பார்த்தார்.

"அந்த வழக்குல விழுந்தவரும் வயசானவர்தான்," என்றார் மெதுவாக. பிறகு, "நாளைலருந்து இந்த வண்டி உங்களுக்கே. ஆனா நட்டு ஒண்ணு உபரியா வச்சுக்கோங்க, தொலைஞ்சு போச்சுன்னா தேடிக் குடுக்க அந்த ரூம்ல இனிமே நீங்க இருக்க மாட்டீங்க," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போக வேகமாக இறங்கினார்.

ரைட்டக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நெஞ்சு நிறைந்து கண்ணில் வழிந்தது. இப்படி ஒரு நேரத்தில் அவள் வாயில் வரக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அது நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. உதட்டைக் கடித்து அதை நிறுத்தினாள். கையை உயர்த்தி, யாருக்கும் இல்லாமல், தனக்காகக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

எதிர்க்கடையில் அப்போதுதான் டீயை வாயில் வைத்த ஆமை, கிளாஸைப் பெஞ்சில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்ப ஓடி வந்தான்.